மணியார்டர் யார் பெயருக்கு?

வேலூர் மாவட்டத்தில் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பாத ஊர் குறைவு. கம்மவான்பேட்டையை ராணுவ கிராமம் என்றே பத்திரிகைகள் எழுதுகின்றன. எங்கள் ஊர் அந்த அளவுக்குப் பேர்போனதல்ல. ஆனாலும் தெருவுக்கு நாலைந்து வீட்டுச் சுவரில் சீருடைப் படம் தொங்கும். இப்படிப்பட்ட ஊர்களில் பட்டாளத்துக்காரனின் மணியார்டர் யார் பெயருக்கு வருகிறது என்பது அந்தக் காலத்தில் பெரிய விஷயம். கல்யாணத்துக்கு முன்பு அப்பா பெயருக்கு வரும். கல்யாணம் ஆகி இரண்டு பிள்ளை பிறந்த பிறகும் அப்பா பெயருக்கே வரும். தபால்காரர் திண்ணையில் உட்கார்ந்து நோட்டை எண்ணிக் கொடுப்பார், அப்பா வாங்கி இடுப்பில் செருகிக்கொள்வார். மருமகள் தலைக்கு எண்ணெய் வாங்கவும் மாமனார் முகம் பார்த்துத்தான் கேட்க வேண்டும்.

இதில் கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. குடும்பத்தின் மூத்தவர் கையில் பணம் இருப்பது ஒரு மரியாதை, அவ்வளவுதான். மகன் வருடா வருடம் லீவில் வந்துபோகும்வரை அந்த ஏற்பாடு ஓடிக்கொண்டிருக்கும். அவன் திரும்பாமல் போன வீட்டில்தான் அதன் விலை தெரியும். பென்ஷன் யாருக்கு, இன்ஷூரன்ஸ் யாருக்கு, மருமகள் இங்கே இருப்பாளா தாய்வீடு போவாளா என்று பதினாறாம் நாள் முடிவதற்கு முன்பே பேச்சு தொடங்கிவிடும். அந்தப் பேச்சைச் சிறுவயதில் பக்கத்து வீட்டில் கேட்டு வளர்ந்தவன் நான். அதனால்தான் ராணுவத்தில் லாரி ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில், எங்களுக்கு மூத்த பையன் பிறந்த பிறகு, மணியார்டரை என் மனைவி பெயருக்கு மாற்றி எழுதிக் கொடுத்தேன். அன்று சம்பளத்தில் ஒரு பகுதியை மாதாமாதம் வீட்டுக்கு அனுப்பும்படி எழுதிக் கொடுத்துவிட்டால் சம்பளக் கணக்கு அலுவலகமே அதை மணியார்டராகப் போட்டுவிடும். அதற்கு ஃபேமிலி அலாட்மென்ட் என்று பெயர். நாம் எந்த மலையில் இருந்தாலும் அது தன்பாட்டுக்கு வீடு போய்ச் சேரும்.

அப்பாவிடம் இதை நேரில் சொல்ல எனக்குத் துணிச்சல் வரவில்லை. கடிதத்தில்தான் எழுதினேன். பல நாள் பதில் இல்லை. பிறகு வந்த கடிதத்தில் மழை, மாடு, சித்தப்பா வீட்டுக் கல்யாணம் எல்லாம் இருந்தன, அந்தப் பேச்சு மட்டும் இல்லை. ஆனால் அந்த மாதம் தபால்காரர் வந்து மருமகள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபோது நடந்ததை என் மனைவி எழுதியிருந்தாள். அவள் திண்ணைக்கு வந்து கையெழுத்துப் போட்டாள். எண்ணிய நோட்டைத் தபால்காரர் நீட்டியதும், "மாமா கையில குடுங்க" என்றாள். அப்பா வாங்கி, தன் செலவுக்குக் கொஞ்சம் எடுத்துக்கொண்டு, மீதியை அவளிடம் திருப்பிக் கொடுத்தார். அன்றுமுதல் அப்பா இருந்தவரை ஒவ்வொரு மாதமும் அதே முறைதான். கையெழுத்து அவளுடையது, மரியாதை அவருடையது. நான் எழுத்தில் செய்த ஒரு மாற்றத்தை வீட்டுக்குள் வலிக்காமல் நடத்திக் காட்டியவள் அவள்.

1999 ஏப்ரலில் வீடு கட்டுவதற்காக ஆண்டு விடுப்பில் வந்தேன். கூரை வீட்டைப் பிரித்து, அஸ்திவாரம் போட்டு, சுவர் லிண்டல் மட்டத்துக்கு எழும்பியிருந்தது. மே மாதம் பாதியில் யூனிட்டிலிருந்து தந்தி. உடனே திரும்ப வேண்டும். கார்கில் என்ற பேர் அப்போதுதான் செய்திகளில் அடிபட ஆரம்பித்திருந்தது. ஊடுருவியவர்கள் எத்தனை பேர், எந்தெந்தச் சிகரத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதெல்லாம் யாருக்கும் சரியாகத் தெரியாத நேரம்.

கிளம்புவதற்கு முந்தைய ராத்திரி நாங்கள் இருவரும் அழுதுகொண்டிருக்கவில்லை. கட்டட வேலைக்காகப் போட்டிருந்த கொட்டகையில், டிரங்குப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு காகிதங்களைப் பிரித்துக்கொண்டிருந்தோம். வங்கிப் புத்தகம் ஏற்கெனவே இருவர் பெயரிலும் இருந்தது. இருவரில் யார் கையெழுத்துப் போட்டாலும் பணம் எடுக்கலாம் என்ற வகைக் கணக்கு. மனைப் பத்திரம், பட்டா, பழைய வரி ரசீது எல்லாம் ஒரு பையில். ஆர்மி குரூப் இன்ஷூரன்ஸ், பிராவிடன்ட் ஃபண்ட் இரண்டிலும் யாருக்கு எத்தனை பங்கு என்று எழுதியிருக்கிறேன் என்பதை ஒரு நோட்டில் அவள் கையாலேயே எழுதச் சொன்னேன். எழுதிக்கொண்டே வந்தவள் நிறுத்தி, "இதெல்லாம் இன்னிக்கே எழுதணுமா?" என்றாள். "இன்னிக்குத்தான் எழுதணும்" என்றேன். கேட்க அவளுக்கும் கஷ்டம், சொல்ல எனக்கும் கஷ்டம். ஆனால் அந்த நோட்டை எழுதி முடித்த பிறகுதான் என் நெஞ்சு கொஞ்சம் லேசானது. போருக்குப் போகும் ஒருவனுக்குப் பயம் இல்லை என்று சொன்னால் நம்பாதீர்கள். பயம் இருந்தது. நான் போய்விட்டால் இவள் யார் யார் வாசலில் நிற்க வேண்டியிருக்குமோ என்கிற பயம்தான் அதில் பெரியது.

அந்த ராத்திரி சில விஷயங்களைப் பேசி முடிவு செய்தோம். கடிதம் ஒவ்வொன்றுக்கும் மூலையில் நம்பர் போட வேண்டும், ஏனென்றால் தபால் வரிசையாக வராது. என் விலாசத்தில் ஊர்ப் பெயர் இருக்காது. நம்பர், பதவி, பெயர், யூனிட், அதன் கீழே 56 ஏ.பி.ஓ., அவ்வளவுதான். டெல்லிக்குப் போய், அங்கிருந்து பிரிந்து, நாங்கள் எங்கே இருக்கிறோமோ அங்கே வந்து சேரும். என்ன ஆனாலும் தந்தி அடிக்கக் கூடாது, நல்ல செய்தியாக இருந்தாலும் அடிக்கக் கூடாது. பட்டாளத்துக்காரன் வீட்டில் தந்திக்காரர் சைக்கிள் நின்றாலே ஒப்பாரி எழும்பும் காலம் அது. எங்கள் பக்கத்திலோ, 'தாயார் சீரியஸ், உடனே வரவும்' என்ற தந்தியை லீவுக்காக வரவழைக்கிறான் என்று அதிகாரிகள் சந்தேகப்படுவார்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமாக நாங்கள் வைத்துக்கொண்ட ஏற்பாடு இது: வீட்டில் எந்தக் கஷ்டம் வந்தாலும் எனக்கு எழுத வேண்டும். மறைக்கக் கூடாது. ஆனால் கஷ்டத்தை மட்டும் எழுதக் கூடாது. அதற்கு அவள் என்ன செய்தாள், அடுத்து என்ன செய்யப் போகிறாள் என்பதையும் அதே கடிதத்தில் எழுத வேண்டும். என் பதிலுக்காக எந்த வேலையையும் நிறுத்தி வைக்கக் கூடாது. நான் பதில் எழுதினால் அது யோசனை, உத்தரவு கிடையாது.

ஜம்மு ட்ரான்சிட் கேம்ப் தாண்டி ஸ்ரீநகர் போய்ச் சேர்ந்ததும் எங்கள் வேலை தெளிவானது. ஸ்ரீநகரிலிருந்து லே போகும் தேசிய நெடுஞ்சாலையில் குண்டு, ரேஷன், மண்ணெண்ணெய், கட்டில், தபால் பை எல்லாவற்றையும் திராஸ் பக்கம் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். சோனாமர்க் தாண்டினால் ஜோஜிலா கணவாய், 11,500 அடிக்கு மேல். ஒருபக்கம் பனிச்சுவர், இன்னொரு பக்கம் பாதாளம். அதைத் தாண்டி கும்ரி, மாதாயன், பாந்த்ராஸ், பிறகு திராஸ். அந்தக் கடைசிப் பகுதியில் சாலை முழுக்க எதிரியின் கண்ணில் இருந்தது. டோலோலிங் சிகரத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் கீழே போகும் வண்டியைப் பார்த்துப் பீரங்கிக்குச் சொன்னார்கள். அதனால் ராத்திரியில்தான் கான்வாய் நகரும். ஹெட்லைட் போடக் கூடாது. முன்னால் போகும் வண்டியின் பின்புறம் மங்கலாகத் தெரிவதை வைத்து ஓட்ட வேண்டும். ஜூன் 13ஆம் தேதி டோலோலிங் நம் கைக்கு வந்த பிறகுதான் அந்தச் சாலையில் மூச்சுவிட முடிந்தது. அதற்குப் பிறகும் குண்டு விழாமல் இல்லை.

அப்படி ஓட்டும்போது மனம் வேறெங்கும் போகக் கூடாது. போனால் வண்டி போய்விடும், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனும் போய்விடுவான். என் பிளட்டூனில் இன்னொரு தமிழ்ப் பையன் இருந்தான், திருவண்ணாமலைப் பக்கம். நல்ல டிரைவர். அவன் வீட்டிலிருந்து வரும் கடிதங்களில், "இங்கு யாவரும் நலம், நீ கவலைப்படாதே" என்பதைத் தவிர ஒன்றும் இருக்காது. அவன் அப்பா எழுதுவார். மனைவி கடைசியில் இரண்டு வரி எழுதுவாள். அந்த இரண்டு வரியை அவன் திரும்பத் திரும்பப் படிப்பான். "அண்ணே, எழுத்து ஏன் இப்படிக் கோணலா இருக்கு? அழுதுகிட்டே எழுதியிருப்பாளா?" என்று கேட்பான். வீட்டுக் கிணறு வற்றிவிட்டதாக வேறு யாரோ எழுதியிருந்தார்கள். அப்பா எழுதவில்லை. போர்வெல் போட்டார்களா, கடன் வாங்கினார்களா, யாரிடம் வாங்கினார்கள், மனைவியின் நகை அடகுக்குப் போனதா, ஒன்றும் தெரியாமல் அவன் தவித்தான். அவனைக் கவலையில்லாமல் வைக்க நினைத்தார்கள். எங்களிலேயே அதிகக் கவலையோடு இருந்தவன் அவன்தான்.

எனக்கு வந்த கடிதங்கள் வேறு மாதிரி. சிமென்ட் மூட்டை மழையில் நனைந்து கட்டிதட்டியது. மேஸ்திரி, வீட்டுக்காரர் வந்த பிறகு காங்கிரீட் போடலாம் என்று வேலையை இழுத்து, பக்கத்து ஊர் வேலைக்குப் போய்விட்டார். அவள் அந்த ஊருக்கே போய், அங்கே கட்டிக்கொண்டிருந்த வீட்டுக்காரம்மாவிடம் பேசி, ஆளை அழைத்து வந்தாள். சென்ட்ரிங் பலகை வாடகை ஒரு நாள் கூடினாலும் செலவு கூடும் என்று தெரிந்துகொண்டாள். காங்கிரீட் போடுவதற்கு முதல் நாள் கம்பி கட்டியதை எங்கள் பக்கத்து ஊர் ஓவர்சியர் ஒருவரை அழைத்துவந்து காட்டினாள். அவர் இரண்டு இடத்தில் கம்பி நெருக்கம் போதாது என்றார், பிரித்துக் கட்ட வைத்தாள். மேஸ்திரி முறைத்தாராம். கணக்கு கடைசிப் பக்கத்தில்: ஜல்லி, மணல், கம்பி, கூலி, காப்பி டிபன், கூட்டுறவுச் சங்கத்தில் வைத்த நகைக்கு ரசீது நம்பர். கடைசியில் ஒரு வரி: "வளையல் மட்டும் வெச்சிருக்கேன் மாமா, தாலிச்சரடு தொடல."

அதைப் படித்துவிட்டு நான் வண்டியை எடுத்தேன். மனசு கலங்கவில்லை. என்ன நடக்கிறது என்று தெரிந்தவனுக்குக் கற்பனை செய்ய ஒன்றும் மிச்சமில்லை. நகை எங்கே இருக்கிறது, எத்தனைக்கு இருக்கிறது என்று தெரியும். சாலையைப் பார்த்து ஓட்டினேன்.

ஆனால் இங்கே நான் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இத்தனை வருடமாக யாரிடமும் சொல்லாதது. அவள் எல்லாவற்றையும் இப்படி நடத்திக்கொண்டு போனது எனக்குப் பெருமையாக மட்டும் இருக்கவில்லை. வலித்தது. ஒரு கடிதத்தில், மாடிப்படி நான் வரைந்து கொடுத்த இடத்தில் வைக்கவில்லை, மேற்குப் பக்கம் மாற்றிவிட்டோம் என்று எழுதியிருந்தாள். காரணமும் எழுதியிருந்தாள். கிழக்கு எல்லையில் பங்காளிகள் தகராறு செய்ய ஆரம்பித்திருந்தார்கள், படியை அங்கே கட்டினால் நாளைக்கு இடிக்கச் சொல்வார்கள். நியாயமான முடிவு. நான் இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன். இருந்தும் சோனாமர்க்கில் வண்டி வரிசையில் நின்றுகொண்டு அதைப் படித்தபோது, நான் இல்லாத வீடு ஒன்று அங்கே எழும்பிக்கொண்டிருக்கிறது என்று தோன்றியது. நான் செத்தாலும் அந்த வீடு நிற்கும், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும், அரிசி வேகும். அதற்காகத்தானே இத்தனையும் எழுதி வைத்துவிட்டு வந்தேன். அது நடக்கிறது என்று தெரிந்தபோது எனக்கு ஏன் தொண்டை அடைத்தது என்று பல நாள் யோசித்தேன். ஆண்பிள்ளைக்குத் தன்னை நம்பித்தான் வீடு இருக்கிறது என்ற நினைப்பு ஒரு பிடிமானம். போர்முனையில் அது இன்னும் அதிகம் தேவைப்படுகிறது. அந்தப் பிடிமானத்தை நானே அவிழ்த்துக் கொடுத்துவிட்டேன். கொடுத்தது சரி. வலியும் உண்மை. இரண்டையும் சேர்த்துத்தான் சுமக்க வேண்டியிருந்தது. இதைப் பேசாமல், "மனைவியிடம் பொறுப்பைக் கொடுங்கள்" என்று மட்டும் இளம் சிப்பாய்களுக்குச் சொல்வது அரைப் பேச்சு என்று நினைக்கிறேன்.

பங்காளித் தகராறு ஜூன் கடைசியில் கோர்ட்டுக்குப் போனது. எல்லையில் சுவர் எழுப்பத் தடை கேட்டு என் பெயரில் வழக்கு. சம்மன் வீட்டுக்கு வந்தது. ஆள் கார்கிலில் இருக்கும் நேரம் பார்த்துப் போட்டார்கள் என்றே ஊரில் பேசிக்கொண்டார்கள். அது உண்மையா என்று எனக்குத் தெரியாது, இப்போது தெரிந்துகொள்ளவும் விருப்பமில்லை. என் மனைவி சம்மனை எடுத்துக்கொண்டு வேலூரில் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போனாள். பெயர் முன்னாள் படைவீரர் என்றாலும், இப்போது சேவையில் இருப்பவர்களின் குடும்பத்துக்கும் அவர்கள் உதவுவார்கள் என்பது அப்பாவுக்கே தெரியாது. அங்கேதான் அவளுக்கு ஒரு சட்டத்தைப் பற்றிச் சொன்னார்கள். இந்தியப் படைவீரர் வழக்குச் சட்டம், 1925. போர்ச் சூழலில் பணிபுரியும் படைவீரர் ஒருவர் வழக்கில் நேரில் வர முடியாமல் இருந்தால், அவர் சார்பில் ஆஜராக அதிகாரம் பெற்றவர் யாரும் இல்லை என்றால், நீதிமன்றம் வழக்கை நிறுத்தி வைக்க அதில் வழி இருக்கிறது. அந்த நிலைமையை மாவட்ட ஆட்சியர் நீதிமன்றத்துக்குச் சான்றளித்துத் தெரிவிக்கலாம். வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம்தான். இன்றும் இருக்கிறது. வெளிநாட்டில் சண்டை போட்டுக்கொண்டிருந்த சிப்பாயின் நிலத்தை ஊரில் இருப்பவன் எழுதி வாங்கிவிடக் கூடாது என்ற கவலை அன்றைக்கே இருந்திருக்கிறது.

அவள் ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுத்தாள். என் யூனிட்டுக்கும் எழுதினாள். எங்கள் கமாண்டிங் ஆபீசரிடமிருந்து, இந்த ஆள் இன்ன பகுதியில் பணியில் இருக்கிறார் என்று ஒரு சான்றிதழ் போனது. வழக்கு தள்ளி வைக்கப்பட்டது. இதெல்லாம் முடிந்து, ரசீதெல்லாம் கையில் வைத்துக்கொண்டு, பிறகுதான் எனக்கு விவரமாக எழுதினாள். "கேஸ் போட்டிருக்காங்க. நீங்க வர்ற வரைக்கும் நிக்கும். கலெக்டர் ஆபீஸ்ல சீல் வெச்ச பேப்பர் என்கிட்ட இருக்கு. கவலைப்பட ஒண்ணுமில்ல" என்று. கெட்ட செய்தியும் அதற்கு மருந்தும் ஒரே இன்லேண்டில் வந்தன. எட்டாம் வகுப்பு படித்தவள். அதற்கு முன் கலெக்டர் ஆபீஸ் படி ஏறியதில்லை.

அவள் எல்லாவற்றையும் எழுதினாள். நான்? இதைப் பற்றி எங்கள் இருவருக்கும் இன்றுவரை ஒத்துப்போகவில்லை. எங்கே இருக்கிறோம் என்று எழுதக் கூடாது, அது உத்தரவு. ஆனால் உத்தரவில்லாத விஷயங்களையும் நான் எழுதவில்லை. சப்பாத்தி, குளிர், ஸ்ரீநகரில் குளித்தது, தலைவலி, இப்படித்தான் எழுதினேன். எங்கள் கான்வாயில் ஒரு வண்டி மீது குண்டு விழுந்ததை எழுதவில்லை. இந்தியாவில் வீட்டுக்கு வீடு தொலைக்காட்சியில் பார்த்த முதல் போர் அது என்பதை நான் நினைக்கவில்லை. அவள் தினமும் திராஸைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எரியும் லாரியைப் பார்த்தாள். திருச்சியைச் சேர்ந்த மேஜர் சரவணன் படாலிக்கில் மே 29ஆம் தேதி இறந்ததும், ஜூலைத் தொடக்கம்வரை அவர் உடலை மலையிலிருந்து மீட்க முடியாமல் இருந்ததும் எங்கள் பக்கத்து வீடுகளிலெல்லாம் பேச்சாக இருந்தது. அந்த நாட்களில் அவள் என்ன பாடுபட்டிருப்பாள் என்பதை அவள் கடிதத்தில் ஒரே இடத்தில்தான் காட்டினாள். "நான் எதையும் மறைக்கக் கூடாதுன்னு சொன்னீங்க. நீங்க மட்டும் மறைக்கலாமா?"

அதற்குப் பிறகு நான் கொஞ்சம் எழுத ஆரம்பித்தேன். இன்று வண்டி ஓட்டினேன், நல்லபடியாகத் திரும்பினேன், நேற்று ஓட்டவில்லை, என்று. ஆபத்தை எழுதாமல், ஆபத்திலிருந்து வெளியே வந்த தேதியை எழுதினேன். அது போதும் என்பது என் கட்சி. அது போதாது என்பது அவள் கட்சி. தெரியாமல் இருப்பதுதான் தன்னைத் தின்றது என்கிறாள். திருவண்ணாமலைப் பையனைப் பற்றி நான் சொன்ன அதே பேச்சைத்தான் அவள் எனக்குத் திருப்பிச் சொல்கிறாள். அதனால் அதிகம் வாதாட எனக்கு வாய் வருவதில்லை.

போன் என்று ஒன்று இருந்ததா என்று இன்றைய பிள்ளைகள் கேட்கிறார்கள். ஸ்ரீநகர் வரும்போது எஸ்.டி.டி. பூத்தில் வரிசையில் நிற்போம். எங்கள் தெருவில் மளிகைக் கடையில் மட்டும்தான் போன், அதுதான் எங்களுக்கு பி.பி. நம்பர். இரவில் கட்டணம் குறைவு, ஆனால் இரவில் கடை மூடிவிடுவார்கள். ஆகவே பகலில் முழுக் கட்டணம் கொடுத்துக் கூப்பிட்டு, அவள் ஓடி வரும்வரை காத்திருந்து, மூச்சு வாங்க அவள் "சொல்லுங்க" என்றதும் பேச வேண்டியதெல்லாம் மறந்துபோகும். கடைக்காரரும் நாலு வாடிக்கையாளரும் கேட்டுக்கொண்டிருக்க எந்தப் பெண் வீட்டு விஷயம் பேசுவாள்? போனில் குரல் கேட்கலாம். குடும்பம் நடத்தியது கடிதத்தில்தான். காஷ்மீருக்கு செல்போன் வந்ததே 2003இல்தான்.

ஜூலை 4ஆம் தேதி டைகர் ஹில் மீட்கப்பட்டது. 26ஆம் தேதி எல்லாம் முடிந்ததாக அறிவித்தார்கள். 500க்கும் மேற்பட்டவர்கள் திரும்பவில்லை. எங்களுக்கு வேலை முடியவில்லை. குளிர்காலத்துக்குள் மேலே நிற்பவர்களுக்குச் சாமான் சேர்க்க வேண்டும், ஜோஜிலா மூடுவதற்கு முன்பு. இலையுதிர் காலம் முடிந்துதான் எனக்கு லீவு கிடைத்தது.

புது வீட்டில் நான் விருந்தாளி போல இருந்தேன். டார்ச் எங்கே, கரண்ட் பில் அட்டை எங்கே, தண்ணீர் மோட்டார் எத்தனை மணிக்குப் போட வேண்டும் என்று ஒன்றும் தெரியவில்லை. மகன் என்னிடம் ஐந்து ரூபாய் கேட்டான், கொடுத்தேன், அதை எடுத்துக்கொண்டு போய் அம்மாவிடம் "அப்பா குடுத்தாரு, செலவு பண்ணட்டுமா?" என்று கேட்டான். மேஸ்திரி வந்து பூச்சு வேலை பாக்கியைப் பற்றி என்னிடம் பேசாமல் அவளிடம் பேசினார். யூனிட்டில் நாயக்காக இருந்து ஆட்களை அதட்டிக்கொண்டிருந்தவனுக்கு இது எளிதல்ல. வந்ததும் வராததுமாக இதை அங்கே வை, அதை இங்கே மாற்று என்று கிளம்பிய பல பேரை எனக்குத் தெரியும். அந்த வீடுகளில் லீவு முழுக்கச் சண்டைதான். நான் முதல் சில வாரம் எதையும் மாற்றுவதில்லை என்று வைத்துக்கொண்டேன். அவளோடு கடைக்குப் போனேன், வங்கிக்குப் போனேன், நகை மீட்கப் போனேன். அவள் முன்னால் நடக்க நான் பை தூக்கிக்கொண்டு போனேன். ஊரில் சிலர் சிரித்தார்கள். சிரிக்கட்டும். ஜோஜிலாவில் என் கை நடுங்காமல் ஸ்டியரிங் பிடித்ததற்கு அவள்தான் காரணம் என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

திருவண்ணாமலைப் பையன் உயிரோடு திரும்பினான். அவன் மனைவியின் நகை உண்மையிலேயே போயிருந்தது. வட்டிக்கு விட்டவரிடம், மீட்க முடியாத அளவுக்கு. அவன் அப்பாவை நான் குற்றம் சொல்ல மாட்டேன். பெரியவர் தனக்குத் தெரிந்த வழியில் காப்பாற்றப் பார்த்தார். ஆனால் அந்தப் பெண்ணின் கையில் ஒரு வங்கிப் புத்தகம் இருந்திருந்தால் கூட்டுறவுச் சங்கத்துக்குப் போயிருப்பாள்.

ஓய்வு பெற்ற பிறகு, எங்கள் வட்டாரத்தில் படைவீரர் குடும்பங்களுக்கு மனு எழுதிக் கொடுக்கும் வேலையை நானாக எடுத்துச் செய்கிறேன். அதில் திரும்பத் திரும்பப் பார்க்கும் கொடுமை ஒன்று உண்டு: பெயர். நம்மில் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். ஆள் சேர்க்கும்போது கிளார்க் தகப்பன் பெயரை விரித்து ஆங்கிலத்தில் ஒரு விதமாக எழுதுவார். கல்யாணம் ஆனதும் மனைவி பெயரை, பார்ட் டூ ஆர்டர் என்ற ராணுவப் பதிவில் ஏற்ற வேண்டும், பிள்ளை பிறந்தால் அதையும். சிலர் ஏற்றுவதேயில்லை. ஏற்றியவர்களும் காதால் கேட்டபடி எழுதியிருப்பார்கள். ரேஷன் அட்டையில் ஒன்று, ஆதாரில் ஒன்று, பார்ட் டூ ஆர்டரில் ஒன்று. கணவன் இருக்கும்வரை அந்த ஓர் எழுத்தை யாரும் கேட்பதில்லை. அவன் இறந்த பிறகு அறுபது வயது அம்மா, நான்தான் அவர் மனைவி என்று நிரூபிக்க அலைகிறாள். இப்போது பென்ஷன் எல்லாம் ஸ்பர்ஷ் என்ற கணினி முறைக்கு மாறிவிட்டது. அதிலும் பெயரும் பிறந்த தேதியும் ஒத்துப்போக வேண்டும், இல்லாவிட்டால் அதே அலைச்சல்தான்.

இன்றைக்கு லடாக்கிலோ அருணாசலத்திலோ நிற்கும் தம்பி தினமும் வீடியோவில் மனைவி முகம் பார்க்கிறான், நொடியில் பணம் அனுப்புகிறான். நல்லதுதான். ஆனால் அந்தப் போன் அவன் பெயரில், வங்கிக் கணக்கு அவன் பெயரில், ரகசிய எண் அவனுக்கு மட்டும் தெரிந்தது என்றால் அவன் வீடு, சிறுவயதில் நான் அந்தப் பேச்சைக் கேட்ட பக்கத்து வீட்டிலிருந்து ஓர் அடியும் நகரவில்லை.

அதனால் இந்த முறை லீவில் வரும்போது, தம்பி, ஒரு நாள் ஒதுக்குங்கள். கணக்கை இருவர் பெயருக்கும் மாற்றுங்கள். நாமினேஷனில் இன்னும் அம்மா பெயர் மட்டும் இருக்கிறதா என்று பாருங்கள். அம்மாவை எடுத்துவிடச் சொல்லவில்லை, மனைவியையும் சேருங்கள் என்கிறேன். மனைவியின் ஆதார், வங்கிப் புத்தகம், பார்ட் டூ ஆர்டர் நகல் மூன்றையும் பக்கத்தில் வைத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். ஓர் எழுத்து வேறுபட்டாலும் யூனிட்டுக்குத் திரும்பிய முதல் வாரமே கிளார்க்கிடம் போய்த் திருத்தச் சொல்லுங்கள். உங்கள் மாவட்டத்து முன்னாள் படைவீரர் நல அலுவலகம் எங்கே இருக்கிறது என்று மனைவியை ஒருமுறை அழைத்துப் போய்க் காட்டிவிட்டு வாருங்கள்.